நூறு கிராமில்

எங்கள் வீட்டுச் சமையலறையில், அரிசி டிரம்முக்கு மேலே உள்ள சுவரில், ஏறக்குறைய ஐந்து மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு ‘தக்காளி வற்றல்: 100 கிராமில்’. அதன் கீழே ஓர் அட்டவணை. புரதம், நார்ச்சத்து, இரும்பு, மெக்னீசியம், பொட்டாசியம், வைட்டமின் சி, லைகோபீன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு, அதற்கும் எதிரே அது உடம்புக்கு என்ன செய்யும் என்று ஒரு வரி. பொட்டாசியத்துக்கு எதிரே ‘ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும், இதயத்துக்கு நல்லது’ என்று இருந்தது. அதைத் தயாரித்தது நான். பெங்களூரில் அலுவலகத்து பிரிண்டரில் எடுத்து, பஸ்ஸில் மடங்காமல் ஃபைலுக்குள் வைத்துக் கொண்டுவந்து ஒட்டியவனும் நானே.

ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். தக்காளியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசாங்கமே அறுபது ரூபாய்க்கு விற்றது பலருக்கு நினைவிருக்கும். அதன் மறுபக்கம் செய்தியில் அவ்வளவாக வராது. பெட்டி ஐம்பது ரூபாய்க்கும் அறுபது ரூபாய்க்கும் போகிற மாதங்கள் உண்டு. பதினாலு கிலோ பெட்டி. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கையிலிருந்து போட வேண்டி வரும். அப்போது காட்டிலேயே விட்டுவிடுவார்கள், அல்லது மாட்டுக்குக் கொட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு மாசி மாதத்தில் அம்மா வற்றல் போட ஆரம்பித்தாள். எங்கள் காட்டுத் தக்காளியே நான்கு பெட்டி வீட்டு வாசலில் இருந்தது.

அம்மாவின் முறை எளிது. நாட்டுத்தக்காளி ஆகாது, அது தண்ணீரும் விதையும்தான். சதைப்பற்றான ஹைபிரிட் காயாகப் பார்த்து, இரண்டாக அரிந்து, விதையை வழித்துவிட்டு, உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டுக் குலுக்கி ஒரு ராத்திரி வைப்பாள். காலையில் அது விட்டிருக்கும் தண்ணீரை வடித்து, மொட்டைமாடியில் அப்பாவின் பழைய வேட்டி மேல் வெட்டுவாய் மேலே பார்க்கப் பரப்புவாள். மேலே கொசுவலைத் துணி. பொழுது சாய்வதற்கு முன் அள்ளி உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனியில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். ஐந்தாறு நாளில் தோல் போல வளையும். வளைந்தால் பத்தாது, ஒடிய வேண்டும் என்பாள். பதினாலு கிலோ பெட்டி ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாகச் சுருங்கி ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் அடங்கிவிடும்.

அதே சமயம் நான் பெங்களூரில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். ‘சன் ட்ரைடு டொமேட்டோ’. எண்ணெயில் ஊறியது, முந்நூறு கிராம்கூட இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் பாஸ்தாவில் சாப்பிட்டுப் பிடித்துப்போய் வாங்கியது. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

“இது நம்ம வத்தல்தான கண்ணு? எண்ணெய ஊத்தி வெச்சா இந்த வெலையா?”

அவள் சொன்னது சரிதான். இத்தாலியின் தெற்கில், புல்யா, கலாப்ரியா, சிசிலி பக்கம், ஆகஸ்ட் வெயிலில் இதையேதான் செய்கிறார்கள். இரண்டாகக் கீறி, உப்புத் தூவி, நாணல் தட்டியிலோ மரத்தட்டிலோ வெயிலில் வைப்பது. குளிர்காலத்தில் தக்காளி கிடைக்காது, அதற்காகச் சேமிப்பது. அதுவும் ஏழை வீட்டு முன்னேற்பாடுதான். பிற்பாடு, எண்பதுகளில், அமெரிக்க உணவகங்கள் அதைக் கண்டுபிடித்துக் கொண்டாடியபோது அது விலை உயர்ந்த பண்டமாகிவிட்டது. ஏற்றுமதிக்காக இன்று துருக்கியில் வயல் வயலாகக் காயப்போடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு எனக்குத் தொழில் ஆசைகூட வந்தது. ஒட்டன்சத்திரம் சன் ட்ரைடு. பெயரும் லேபிளும் டிசைன் செய்தேன். எல்லா ஐடி பையன்களுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சல் அது, தானாக இறங்கிவிடும். ஆனால் லேபிளுக்காகத் தேடியபோது கிடைத்த எண்கள் என்னோடு தங்கிவிட்டன.

அந்த எண்கள் அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுத்தளத்தில் இருப்பவை. பச்சைத் தக்காளியில், அதாவது காயவைக்காத பழத்தில், நூற்றுக்கு 94.5 பங்கு தண்ணீர். வெயிலில் காய்ந்ததில் தண்ணீர் 14.5 பங்குதான். அப்படியானால் 5.5 கிராம் திடப்பொருள் 85.5 கிராம் ஆகியிருக்கிறது, பதினைந்தரை மடங்கு. காயவைத்தல் தக்காளிக்குள் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. தண்ணீரை எடுக்கிறது, அவ்வளவுதான். எனவே எந்தச் சத்தை எடுத்தாலும் பதினைந்தரை மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ வழியில் தொலைந்திருக்கிறது. இப்படிச் சரிபார்ப்பது என் தொழில் புத்தி. ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எத்தனை வரி போச்சு, எத்தனை வரி வந்துச்சு என்று எண்ணுவோமே, அது.

புரதம் 100 கிராம் பழத்தில் 0.88 கிராம், வற்றலில் 14. சரியாக வருகிறது. சர்க்கரை 2.6 கிராம், 37.6 கிராம் ஆகிறது. கிட்டத்தட்ட சரி. (வற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை என்பதை எந்த ஆரோக்கியக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை.) வைட்டமின் சி இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். இருப்பது 39. ஐந்தில் நான்கு பங்கு வெயிலிலும் காற்றிலும் போய்விட்டது. ‘வற்றலில் பழத்தைவிட மூன்று மடங்கு வைட்டமின் சி’ என்று எழுதுகிறார்கள். 13.7 எங்கே, 39 எங்கே என்று பார்த்தால் பொய்யில்லை. நூறு கிராமுக்கு நூறு கிராம். ஆனால் நூறு கிராம் வற்றல் என்பது ஒன்றரைக் கிலோ தக்காளி. அதை யார் ஒரு வேளைக்குத் தின்பது?

லைகோபீன் மட்டும் தப்பிக்கிறது. தக்காளியின் சிவப்பே அதுதான். பழத்தில் 2.6 மில்லிகிராம், வற்றலில் 46. எதுவும் தொலையவில்லை. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சூடுபட்டால் செல்சுவர் உடைந்து இன்னும் எளிதாக வெளியே வரும். பச்சையாகக் கடித்துத் தின்பதைவிட, சமைத்து, கூடக் கொஞ்சம் எண்ணெயோடு தின்றால் உடம்பு அதை அதிகம் எடுத்துக்கொள்கிறது என்பது 1997லிருந்து ஆய்வுகளில் வந்திருக்கிறது. நல்லெண்ணெயில் தாளித்த தக்காளித் தொக்கு இந்த விஷயத்தில் எந்த சாலட்டையும் விட மேல். என் அட்டவணையிலேயே எனக்கு இன்றும் பிடித்த தகவல் இதுதான்.

லைகோபீனுக்குப் புகழ் வந்தது 1995ல். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பல ஆண்டு தொடர்ந்து பார்த்து, தக்காளிப் பண்டங்கள் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்தது என்று கண்டார்கள். அதன்பின் மாத்திரை, பானம், விளம்பரம் எல்லாம் வந்தன. 2005ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பரிசீலித்தது. தக்காளிக்கு ‘மிகக் குறைந்த, ஆரம்பநிலைச் சான்று’ உண்டு என்ற தயக்கமான வாசகத்தை மட்டும் அனுமதித்தது. லைகோபீன் மாத்திரைக்கு அதையும் தரவில்லை. இதை நான் அப்போதே படித்தேன். படித்தும், தாளில் ‘புற்றுநோயைத் தடுக்கும் (ஆய்வு: ஹார்வர்டு)’ என்று போட்டேன். சுவரில் ஒட்டும் தாளில் தயக்கத்துக்கு இடமில்லை. செல் அகலம் பத்தாது.

அப்பாவுக்காகத்தான் ஒட்டினேன். வயது அறுபத்தாறு. சர்க்கரை இருபது வருஷமாக, பிரஷர் பத்து வருஷமாக. இரண்டுக்கும் மாத்திரை. நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவருக்குச் செய்யக்கூடியவை என்று சில இருந்தன. பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டுகளை ஆன்லைனில் போட்டு அனுப்புவது அதில் ஒன்று. இந்தத் தாள் இன்னொன்று.

அவரும் விடாமல் கடைப்பிடித்தார். மதியம் தயிர்சாதத்துக்கு எட்டுப் பத்து துண்டு எண்ணெயில் பொரித்தது. ராத்திரி இட்லிக்கு, அம்மா மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த வற்றல்பொடி. ஃபோனில் பேசும்போதெல்லாம் “வத்தல் சாப்பிட்டனப்பா” என்று மாத்திரை போட்டதைச் சொல்வதுபோலச் சொல்வார். எனக்கு அதில் சின்னப் பெருமை இருந்தது. அவர் என் பேச்சைக் கேட்டு எதையும் செய்தவர் இல்லை. என் படிப்பு, என் வேலை எதுவும் அவருக்கு விளங்கியதில்லை. “கம்ப்யூட்டர்ல என்னவோ பண்றான்” என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்வார். முதல்முறையாக நான் செய்த ஒன்று அவருக்குப் பயன்படுகிறது என்று நினைத்தேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை அம்மா கூப்பிட்டாள். “அப்பாவுக்குக் காலு தூக்க மாட்டேங்குதாம். மாடிப்படி ஏற முடியல.” பக்கத்து டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மச்சான் காரில் கூட்டிப்போனார். மூன்று மணி நேரம் கழித்து அவரே பேசினார். “மாப்ள, ஐசியூல போட்டிருக்காங்க. பயப்படாத. பொட்டாசியமாம். ஆறு புள்ளி நாலு.”

எனக்கு அந்த எண் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5லிருந்து 5 வரை இருக்கலாம். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. வெளியே ரத்தத்திலும் மற்ற நீரிலும் இருப்பது இரண்டே பங்கு. அந்த வித்தியாசத்தில்தான் தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் நடக்கிறது. வெளியே கொஞ்சம் ஏறினாலும் தசை சோரும், இதயம் தாளம் தப்பும். சொல்லாமல் நின்றும் போகும். மிகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். அது நன்றாக வேலை செய்பவர் நூறு கிராம் வற்றலைத் தின்றாலும் தாகம் எடுக்குமே தவிரப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது தளர்ந்தவருக்குக் கணக்கு வேறு.

டாக்டர் என்னைவிட இளையவராக இருந்தார். ஈசிஜி தாளை விரித்து, கூடாரம் போலக் கூராக எழும்பிய அலைகளைக் காட்டினார். இதயத்தைக் காக்க கால்சியம் ஊசி போட்டிருந்தார்கள். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். அது பொட்டாசியத்தை வெளியேற்றாது, தற்காலிகமாகச் செல்லுக்குள் தள்ளிவிடும். கூடவே மலத்தில் கட்டி வெளியேற்ற ஒரு பொடி. கிரியாட்டினின் 2.4. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் முப்பதுக்கும் கீழே.

“என்ன சாப்பிட்டாரு?” என்று கேட்டார். சொன்னேன். வற்றல் என்றதும் நிமிர்ந்தார்.

“எவ்வளவு?”

என் ஃபோனில் அந்த அட்டவணை இருந்தது. எடுத்துக் காட்டினேன். என்ன நினைத்துக் காட்டினேனோ. பொட்டாசியம், 100 கிராமில் 3427 மில்லிகிராம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3510 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏறக்குறைய அதே அளவு. இந்த நிலையில் இருக்கும் சிறுநீரகத்துக்கு நாள் முழுவதற்கும் இரண்டாயிரத்துக்குள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அப்பா பொடியையும் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பது கிராம் வற்றல் சாப்பிட்டிருப்பார். அதுவே ஆயிரம். பாதி அங்கேயே முடிந்தது. ‘இதயத்துக்கு நல்லது’ என்ற வரியில் டாக்டரின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு உப்பைப் பற்றிக் கேட்டார். சோடியம் குறைந்த உப்பு என்பது சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைப் போட்டது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியபோதே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கித்தான் சொன்னது. அப்பா போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய வகை. “எதாவது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாது சார். எல்லாம் சேர்ந்துதான்” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. மூன்றில் இரண்டு நான் கொடுத்தது.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடினேன். பீரோவில், பத்திரத்துக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.9. வேறொரு டாக்டரின் சீட்டு. அதனோடு பின் அடித்து, ஜெராக்ஸ் எடுத்த ஒரு உணவுத் தாள், தமிழில். தவிர்க்க வேண்டியவை: இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, கீரை, உலர்பழங்கள். சிறுநீரகம் தளர்ந்திருப்பதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“தக்காளி சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்கள்ல? அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “தக்காளியத்தான கண்ணு வேண்டாம்னு போட்டிருந்துது. தக்காளிய நான் தொடறதே இல்ல. ரசத்துல கிடந்தாக்கூட எடுத்து வெச்சிருவேன். நீ போட்டிருந்தது வத்தலு.”

கொஞ்சம் கழித்து, “நீ படிச்சுப் பாத்துத்தான போட்டிருப்ப” என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பது பிறகு யோசிக்கும்போதுதான் பிடிபட்டது. நம் வீடுகளில் வற்றல் என்பது காயின் உலர்ந்த வடிவம் மட்டுமல்ல, அது வேறு ஒரு பொருள். காய்ச்சலில் விழுந்து எழுந்தவனுக்குக் காய்கறி எல்லாம் விலக்கி, பத்தியச் சோற்றுக்குச் சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் போடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். காயில் இருந்த தீங்கெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது, வெயில் அதைச் சுத்தம் பண்ணிவிட்டது என்று ஒரு நம்பிக்கை அடியில் இருக்கிறது. தக்காளியே நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது தென்னமெரிக்காவிலிருந்து, வெள்ளைக்காரன் வழியாக. என் அப்பத்தா கடைசிவரை சீமைத்தக்காளி என்றுதான் சொன்னாள், திவசச் சமையலில் அதைச் சேர்க்க விடமாட்டாள். அப்படி அந்நியமாக இருந்த ஒன்றைக் காயப்போட்டு வற்றல் என்று பெயர் வைத்ததும், அது பத்தியத்தின் பக்கம் வந்து நின்றுவிட்டது. அப்பா அந்த வரிசையில் வைத்துத்தான் அதைச் சாப்பிட்டார். கிழக்கே உள்ள சொல்லுக்கு மேற்கே ஒரு அட்டவணை சாட்சி சொல்லியது. உண்மையில் அங்கே நடந்தது நேர்மாறு. பழத்துக்குள் இருந்த பொட்டாசியத்தில் ஒரு துளிகூட ஆவியாகப் போகவில்லை. ஆவியாகக்கூடிய பொருளில்லை அது. ஒன்றரைக் கிலோவில் பரவிக் கிடந்தது நூறு கிராமுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பதினைந்தரை மடங்கு என்று சந்தோஷமாகப் பெருக்கிப் பார்த்தது அதைத்தான்.

டிஸ்சார்ஜ் அன்று உணவு ஆலோசகர் அம்மாவுக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தார். காயைச் சின்னதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அதைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப இத்தன வருசம் சத்து போயிரும்னு காய வெந்த தண்ணியக் கீழ ஊத்தாமக் குழம்புல விட்டனே” என்றாள். ஆலோசகர் சிரித்தார். உங்களுக்கும் பையனுக்கும் அப்படியே செய்யுங்கம்மா, அய்யாவுக்கு மட்டும் இப்படி என்றார். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் அன்றிலிருந்து.

சுவரிலிருந்த தாளைக் கிழித்தபோது டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. அந்த இடத்தில் புதுத் தாள் ஒட்ட எனக்குத் தைரியம் இல்லை. மருத்துவமனை கொடுத்த பட்டியலைக் கையால் பெரிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது பார்த்தேன். ‘தக்காளி’ என்ற வரிக்குப் பக்கத்தில் அவர் தன் பால் கணக்குப் பேனாவால் ‘வத்தலும்’ என்று சேர்த்திருந்தார். அதற்கும் கீழே, நான் எழுதாத சில கேள்விகள். ‘புளி?’ ‘கருப்பட்டி?’ ‘மாங்காய் ஊறுகாய்?’ அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்பதற்காம். என்னிடம் கேட்கவில்லை.

தூக்கில் மூன்று கிலோ போல வற்றல் மிச்சமிருந்தது. நல்ல வற்றல். எண்ணெயில் போட்டால் ஒரு நொடியில் பொரிந்து, புளிப்பும் இனிப்பும் உப்புமாக நாக்கில் ஒட்டும். எனக்கு அதில் இன்னும் பிரியம்தான், பெங்களூருக்கு ஒரு டப்பா எடுத்து வந்தேன். மீதியைப் பழனியில் இருக்கும் அத்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மா பையில் கட்டினாள். கட்டிவிட்டு ஃபோனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். நலம் விசாரித்து முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “ஏங்க அண்ணி, உங்களுக்குக் கிரியாட்டின் கடைசியா எப்பப் பாத்தீங்க?” என்றாள்.